குழலை மாற்றுவதா, துவக்கையே மாற்றுவதா

கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து கனடாவில் இருக்கிற நண்பனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "துவக்கின்ர குழல் முடிஞ்சுது மச்சான்" என்று நான் சொன்னதுதான் தாமதம், குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. அம்மா கதவு நிலையில் கையை ஊன்றியபடி வந்து நின்றா.

"மெதுவாக் கதை தம்பி. ரோட்டால ஆக்கள் போகினம்."

போர் 2009 இல் முடிந்தது. இந்த வீட்டில் துவக்கு, அதாவது துப்பாக்கி, என்ற சொல்லை இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் அப்பாவிடம் ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பித்து வைத்திருந்தாராம். வன்னியில் இருந்த வயலுக்குக் காட்டுப்பன்றி வரும், அதற்குத்தான். எண்பதுகளில் ஒரு இரவு நாலு பெடியள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தாத்தா அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்று அம்மா சொல்லுவா. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் இன்று ரொறன்ரோவுக்கு வெளியே இருந்துகொண்டு, விடுமுறை நாளில் 1000 யார், அதாவது ஏறத்தாழ 914 மீற்றர், தூரத்தில் உள்ள கடதாசி இலக்கைச் சுடுகிறேன். எங்கள் ஊரில் தூரத்தில் இருந்து சுடுகிறவனுக்கு ஒரு பெயர்தான் உண்டு: சினைப்பர். அந்தப் பெயரின் கீழ் தன் மகன் வந்துவிடக்கூடாது என்பதுதான் அம்மாவின் பயம். எனக்கு அது விளங்கும். விளங்குவதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்குள் நான் வந்தது வேலைத்தலத்து நண்பர் ஒருவரால். பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுக்க மாதக்கணக்கானது. முதல் போட்டி நாளன்று என்னைச் சுட விடவில்லை. இலக்குகளுக்குக் கீழே உள்ள குழிக்குள் இறக்கினார்கள். அங்கே ஆறேழு அடி உயர மண் அணைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வெடிக்கும் இலக்கை இறக்கி, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு போட்டியாளரும் தன் முறைக்கு இந்த வேலையைச் செய்தே ஆகவேண்டும்.

முதல் வெடி வந்தபோது என் முழங்கால் தானாக மடிந்தது. ஒலியைவிட வேகமாக வரும் சன்னம் தலைக்கு மேலே முதலில் 'படீர்' என்று கிழிக்கும். சுட்ட இடத்தில் இருந்து 'டும்' என்ற அடங்கிய சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். 1000 யார் என்றால் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு செக்கன். இந்தக் கணக்கை எனக்கு யாரும் கனடாவில் சொல்லித்தரத் தேவையில்லை. பங்கருக்குள் என்னையும் தங்கச்சியையும் அணைத்து வைத்துக்கொண்டு அப்பா விரலால் தட்டித் தட்டிச் சொல்லித்தந்த கணக்கு அது. படீருக்கும் டும்முக்கும் இடைவெளி கூடக்கூட ஆள் தூரத்தில் நிற்கிறான் என்று அர்த்தம்.

அன்று அந்தக் குழிக்குள் என் பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தன் தேநீர்ப் போத்தல் மூடியில் ஊற்றித் தந்தார். சிவப்புக் கொடி ஏறியது, வயர்லெஸ்ஸில் ஒரு சொல் வந்தது, எல்லாத் துவக்குகளும் ஒரே கணத்தில் நின்றன. யார் சுடுகிறான், எங்கே சுடுகிறான், எப்போது நிறுத்துவான் என்று எல்லாம் தெரிந்த வெடிச் சத்தத்தை என் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய றெமிங்டன் 700. அந்த மாதிரி 1962 இல் சந்தைக்கு வந்தது. என்னுடையது அதைவிடப் பல வருடம் இளையது, நான் வாங்கும்போதே இரண்டாம் கை. அதன் ரவை, அதாவது கோதும் மருந்தும் சன்னமும் சேர்ந்த முழுத் தோட்டா, .308 வின்செஸ்டர். நான் சுடுகிற போட்டி எஃப்-ரீஆர். படுத்தபடி, முன்னால் இரண்டு கால் தாங்கி வைத்து, தொலைநோக்கி பொருத்திச் சுடுவது. இந்த எஃப் வகுப்பே கனடாவில் பிறந்ததுதான். ஜோர்ஜ் பார்குவார்சன் என்ற சுடுநர் முதுமையில் கண்ணும் கையும் முன்போல ஒத்துழைக்காதபோது, தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுட இடம் கேட்டார். அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த எஃப். உடம்பு விட்டுக்கொடுத்த பிறகும் ஒருவர் திடலுக்கு வர வழி திறந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. எஃப்-ரீஆரில் .308 அல்லது .223 ரவை மட்டும்தான் அனுமதி. துவக்கு, தாங்கி, தொலைநோக்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. திறந்த பிரிவான எஃப்-ஓப்பனில் 10 கிலோ வரை போகலாம், 8 மில்லிமீற்றர் வரை எந்த ரவையும் சுடலாம்.

போன இலையுதிர் காலம், ஒட்டாவாவுக்கு மேற்கே உள்ள கொனொட் திடலில் 1000 யாரில் படுத்திருந்தேன். என் இலக்குக்குக் கீழே குழியில் நின்றவன் கூடச் சுடுகிற சாவகச்சேரிப் பெடியன். பத்தாவது வெடிக்குப் பிறகு என்னிடம் வந்து சொன்னான்: "அண்ணை, உங்கட சன்னம் சில நேரம் சத்தமில்லாமல் வருது. மற்றவையின்ர படீர் எண்டு கிழிக்குது, உங்கட 'பொக்' எண்டு விழுது." அவன் காட்டிய கடதாசியில் ஒரு துளை வட்டமாக இல்லை. சற்றே நீண்டு, சன்னம் தலை சரிந்து நுழைந்த அடையாளம் தெரிந்தது.

அதன் பொருள் என்னவென்றால், என் சன்னங்கள் இலக்குக்குக் கிட்டப் போகும்போது ஒலியின் வேகத்தோடு உரசத் தொடங்கிவிட்டன. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். அந்த வேகத்தைக் கடந்து கீழே இறங்குகிற இடத்தில்தான் சன்னம் தள்ளாடும். சில சன்னங்கள் தாங்கும், சில தாங்கா. நான் தொடக்கத்தில் சுட்ட 168 கிரெய்ன் நிறையுள்ள சன்னம் இந்த இடத்தில் தடுமாறுவதற்குப் பேர்போனது. 175 கிரெய்னுக்கு மாறிய அன்றே 1000 யாரில் என் துளைகள் ஒழுங்குக்கு வந்தன. என் வாழ்க்கையில் மிகக் குறைந்த செலவில் நடந்த மேம்பாடு அதுதான். இப்போது 175 உம் தடுமாறுகிறது என்றால் குழல்தான் தேய்ந்திருக்க வேண்டும். வேகம் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். முன்பு செக்கனுக்கு 2650 அடி தந்த அதே ரவை, இப்போது 2580 ஐத் தாண்டவில்லை. ஐயாயிரம் வெடிகளுக்கு மேல் போய்விட்டது. குழலின் வாயில் அல்ல, ரவை இருக்கிற அறைக்குச் சற்று முன்னால், தீயும் அழுத்தமும் முதலில் படுகிற தொண்டையில்தான் உருக்கு அரிபடும். கமரா விட்டுப் பார்த்தபோது அந்த இடம் வெடித்த வயல்மண் போல இருந்தது.

சாவகச்சேரிப் பெடியனின் ஆலோசனை நேரடியானது: வித்துப்போட்டு 6.5 கிறீட்மோர் ஒன்று வாங்குங்கோ. 2007 இல் வந்த ரவை அது. ஒல்லியான நீளச் சன்னம், காற்றை வெட்டிக்கொண்டு போகும். அவன் சொல்வதில் பிழை இல்லை. 1000 யாரில் மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் என் .308 ஐ அது கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர் தள்ளிவிடும், 6.5 ஐ இரண்டு மீற்றருக்கும் குறைவாகத்தான் தள்ளும். இலக்கை அடையும்போதும் அது ஒலியைவிட நன்றாக வேகமாகவே போகும், உதையும் குறைவு. அதன் குழல் என்னுடையதைப்போலப் பாதிக் காலம்தான் தாக்குப்பிடிக்கும் என்பது மற்றப் பக்கம்.

மூன்றாவது வழியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. .308 உம் 6.5 கிறீட்மோரும் ஒரே அடிவட்டம் கொண்ட கோதுகள். ஆகவே போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளிப் பூட்டுகிற பகுதி), ரவைக்கூடு எதையும் தொடாமல் குழலை மட்டும் மாற்றினால் பழைய துவக்கே 6.5 ஆகிவிடும். மேம்படுத்துவதற்கும் புதிது வாங்குவதற்கும் நடுவில் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு நித்திரை இன்னும் குறைந்தது.

இந்தக் குழப்பத்தோடுதான் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

மாமா கடைச்சல்காரர். கோண்டாவிலில் நாற்பது வருடம் லேத் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வெங்காயத் தோட்டக்காரரின் இறைப்பு மெசின்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். உதிரிப்பாகம் ஒன்றும் வராது. ரிங் தேய்ந்தால் இருக்கிற இரும்பில் கடைந்து போட வேண்டும். அவருக்குத் துவக்கு பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஆனால் குழல் என்றதும் காது நிமிர்ந்தது.

"குழல் எப்படிப் பிடிக்குது? மரையோ, அடிச்சு இறுக்கினதோ?"

"மரை மாமா."

"மரை எண்டால் கழட்டிப் பூட்டலாம். பொடியின்ர முகம் மரைக்கு நேர் செங்குத்தோ? பாத்தியோ?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு நல்ல துவக்குத் தச்சன் முதலில் பார்ப்பது அதைத்தான். மாமா பொடி என்றது குழல் பூட்டுகிற உடலை. அதன் முகமும் மரையும் போல்ட்டின் பற்களும் ஒரே அச்சில் இருக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மாமா கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியால் சீமெந்து நிலத்தில் ஒரு இறைப்பு மெசின் சிலிண்டரைக் கீறினார்.

"பொடி நேரா நிக்குதெண்டால் சிலீவ் அடிச்சு இன்னும் இருபது வருசம் ஓட்டலாம். பொடி வளைஞ்சிருந்தா நீ தங்கத்தில சிலீவ் போட்டாலும் அது ரிங்கைத் தின்னும். முதல்ல பொடியைப் பார். பேந்து காசை எண்ணு."

என் துவக்கின் பொடி நேராகத்தான் இருக்கிறது. நான் சும்மா சொல்லவில்லை. நாலு வருடத்துக்கு முன் பட்ட பாடு ஒன்றால் அது எனக்குத் தெரியும். அந்தப் பருவம் முழுக்க என் துளைகள் காரணமில்லாமல் சிதறின. விசையை மாற்றினேன், நல்ல காசு. தோள்கட்டையை மாற்ற நினைத்துக் கடைக்காரரிடம் முற்பணமும் கட்டிவிட்டேன். கடைசியில் தொலைநோக்கி இருக்கிற தளத்தின் பின் திருகு ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, உடல் மரக்கட்டையில் உட்காரும் இடத்துக்குப் பிசின் வார்த்து ஆடாமல் அமர்த்திய பிறகு சிதறல் பாதியாகக் குறைந்தது. விசை நல்ல விசைதான். ஆனால் அந்த ஆண்டு எனக்குத் தேவைப்பட்டது சரியான அளவுக்கு இறுக்குகிற ஒரு திருகாணிச் சாவி. இந்த அனுபவத்தால் நான் எல்லாருக்கும் சொல்வது: ஒரு சதமும் செலவழிக்க முதல் திருகுகளைப் பாருங்கள். அதன்பின் தொலைநோக்கி, அதன் தளம். 1000 யாருக்கு .308 ஐ ஏற்றிச் சுட, தொலைநோக்கியின் மேல்நோக்கிய திருப்பம் போதாமல் போகும். முன்பக்கம் சரிந்த தளம் ஒன்று போட்டால் அந்தக் குறை தீரும். வேட்டைத் துவக்கோடு வருகிறவர்கள் பலர் முட்டுவது இந்த இடத்தில்தான், அவர்களோ குழலைத் திட்டுவார்கள்.

எல்லாரும் மேம்படுத்தத்தான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று கிலோ நிறையுள்ள மெல்லிய குழல் வேட்டைத் துவக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குப் பாரக் குழல், புதுக் கட்டை, புது விசை, புதுத் தளம் என்று ஒவ்வொன்றாகப் போடுகிறவரை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் புதிய துவக்கு ஒன்றரை வாங்குகிற காசு போய்விட்டது, முதலில் வாங்கியதில் மிஞ்சியது உடலும் போல்ட்டும் மட்டும். அவருக்கு நான் முதல் நாளே சொல்லியிருப்பேன், அதை வேட்டைக்கு வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்குங்கள் என்று. தொழிற்சாலையில் இருந்தே 1000 யாருக்கென்று பாரக் குழலோடு வரும் துவக்குகள் இன்று தாராளம். பின்லாந்தின் ரீக்கா நிறுவனத்துத் துவக்கைப் பெட்டியில் இருந்து எடுத்த அன்றே நன்றாகச் சுடுகிறவர்களைப் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறேன். சாவேஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: குழல் ஒரு நட்டால் இறுகுவதால், அளவுகோல்கள் இரண்டும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே குழல் மாற்றலாம். என்னுடையதற்குத் தச்சன் வேண்டும், லேத் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மருமகனைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வல்லை வெளியால் போனேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பார்த்த வெறி இன்னும் தீராமல் தன் எட்டுமூலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் மரம் இல்லாத வெளி, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர். தை மாத வாடை நின்று அடித்துக்கொண்டிருந்தது.

பட்டம் ஏறியதும் அதில் கட்டிய விண், காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற நார், கூவத் தொடங்கியது. அவன் நூலை என் கையில் தந்தான். கண்ணை மூடினேன். காற்று ஏறும்போது விண்ணின் குரல் கூர்மையாகிறது. இறங்கப் போகிறது என்றால் நூல் தளர்வதற்கு முன்னமே குரல் தடிக்கிறது. முப்பது வருடமாக மறந்திருந்த விசயம் கைக்குள் வந்து நின்றது. கீழே பார்த்தால் தார் ரோட்டில் கானல். வாடை குறுக்கே அடிக்கும்போது கானல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. சற்றுத் தணிந்தால் நிமிர்ந்து, உலைத்தண்ணீர் போல நேராகக் கொதிக்கிறது. திடலில் தொலைநோக்கிக்குள்ளால் நான் பார்ப்பதும் இதைத்தான். கானல் கொதிக்கிற கணம் காற்று திரும்பப் போகிற கணம். அப்போது விசையில் இருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

"மாமா, உங்க அங்க காத்துக்கு என்ன பேர்?" என்று மருமகன் கேட்டான்.

அங்கே பெயர் இல்லை, இடது, வலது என்று மணிக்கூட்டு முள்ளை வைத்துத்தான் சொல்லுவார்கள் என்றேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. என் கொப்பியில் பெயர் இருக்கிறது. ஒன்பது வருடமாக எழுதுகிற கொப்பி. எந்தத் திடல், எந்த மாதம், கொடி எத்தனை பாகை, கானல் எப்படி, காற்றுக்காகக் குறியை நான் எவ்வளவு தள்ளி ஒதுக்கினேன், சன்னம் எங்கே விழுந்தது. விட்டுவிட்டு மோதுகிற குளிர்க் காற்றுக்கு 'வாடை' என்றும், மூச்சு விடாமல் ஒரே இழுவையாக இழுப்பதற்குச் 'சோளகம்' என்றும், பின்னேரம் திடீரென்று பக்கம் மாறி வருவதற்குக் 'கச்சான்' என்றும் எழுதியிருக்கிறேன். ஊரில் இவை திசையைச் சொல்லும் பெயர்கள். அங்கே திசை பொருந்தாது, குணம் பொருந்தும். 'கச்சான், இரண்டரை ஒதுக்கினன், போதேல்லை, மூண்டே கால்' என்று ஒரு வரி. அந்த இரண்டரையும் மூன்றே காலும் .308 இன் 175 கிரெய்னுக்கான எண்கள். 6.5 க்குப் போனால் காற்று அதேதான், ஆனால் ஒவ்வொரு எண்ணும் பொய்யாகிவிடும்.

வல்லையில் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என் கணக்கு முடிந்தது. 6.5 காற்றில் எனக்கு அரை மீற்றருக்கு மேல் மிச்சம் பிடித்துத் தரும், உண்மை. போன பருவத்தில் நான் இழந்த புள்ளிகளைக் கொப்பியில் திருப்பிப் பார்த்தால், குழல் தேய முந்திய போட்டிகளில் முக்கால்வாசிப் புள்ளி போனது காற்றுத் திரும்பியதை நான் பிந்திக் கண்டதால். அந்தப் பிழையை 6.5 சிறிதாக்கும், இல்லாமல் ஆக்காது. அதோடு எஃப்-ரீஆரை விட்டு ஓப்பனுக்குப் போக வேண்டும். அங்கே 7 மில்லிமீற்றர் சன்னங்களும் 10 கிலோத் துவக்குகளும் முன்னால் படுத்திருக்கும், 6.5 கிறீட்மோர் அங்கே சின்னப் பெடியன். புது அச்சு, புதுக் கோது, புதுச் சன்னம் என்று ரவை நிரப்புகிற மேசையையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எல்லாரோடும் ஒரே ரவையைச் சுட்டு, காற்றை யார் வாசித்தான் என்று பார்க்கிற போட்டியைத்தான் நான் விரும்பி வந்தேன். அதில் இன்னும் ஒன்பது கொப்பி எழுத இடமிருக்கிறது.

அன்று இரவே தச்சனுக்கு எழுதினேன். அதே .308. நீளம் 28 அங்குலம், பழையதைவிட இரண்டு கூட. அந்த இரண்டு அங்குலம் எனக்குக் கொஞ்சம் வேகம் தரும். குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றுகிற புரி பழையதில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, புதியது 10 க்கு ஒன்று. நாளைக்குப் பாரமான சன்னத்துக்குப் போக வேண்டி வந்தாலும் அது சுழற்றிப் பிடிக்கும். உடலின் முகத்தையும் மரையையும் முதலில் அளந்து பார்த்து, நேர் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் எனக்கு எழுதவும் என்று ஒரு வரி சேர்த்தேன். அது மாமாவின் வரி. நிறைக் கணக்கும் போட்டேன்: புதுக் குழலோடு 8.1 கிலோ வரும். தாங்கியை மாற்ற முடியாது, அவ்வளவுதான் இடம்.

அம்மா படுக்க முதல் விறாந்தைக்கு வந்தா. மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை மெல்ல வாசித்தா. வாடை, சோளகம், கச்சான். விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்தா.

"இதோ நீ அங்க எழுதுறது?"

"ஓம் அம்மா."

"உன்ர கொப்பாவும் மழைக்கு இப்பிடித்தான் கலண்டரில எழுதுவார்" என்று சொல்லிக் கொப்பியை மூடி, மேலே கண்ணாடிக்கூட்டை வைத்துவிட்டுப் போனா. குழல் ஆனி மாதத்துக்கு முன் வராதாம். இன்றைய வல்லைக் காற்றையும் அதில் எழுதி வைத்தேன், ஒதுக்கிய கணக்கு என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு.